இரண்டு கையால் கேட்டவர்

நாவலப்பிட்டியை விட்டுக் கிளம்பி இரண்டாவது நாளாக நடந்துகொண்டிருந்தேன். அங்கே ரயில் கொட்டகையில் கரி அள்ளுகிற வேலை. மேலாளோடு வாய்த்தகராறு; தப்பில் பாதி என்னுடையது. கம்பளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரருக்கு விறகு பிளந்து கொடுத்து ஒரு வேளை சாப்பிட்டேன். அதற்குப் பிறகு வயிற்றுக்குள் போனது தண்ணீர்தான். கண்டி மார்க்கெட்டில் மூட்டை தூக்க ஆள் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யாருடைய பேச்சையாவது நம்பித்தான் நான் ஒவ்வொரு ஊருக்கும் போயிருக்கிறேன்.

கெலிஓயாவைத் தாண்டியதும் முன்னால் ஓர் இரட்டை மாட்டுக் கரத்தை வண்டி தெரிந்தது. ஓட்டியவர் வயதான சிங்களவர். நீட்டி நீட்டி ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போனார். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போய்க்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு, மடித்துக் கட்டிய வேட்டி, கக்கத்தில் குடை. தூறல் விழுந்துகொண்டிருந்தது, ஆனாலும் குடையை விரிக்கவில்லை. விரிக்கக் கையில்லை. இரண்டு கையிலும் ஒரு வெற்றிலைக் கட்டை ஏந்தி, அந்தக் கிழவரை நோக்கி நீட்டியபடியே ஓடினார்.

நான் எட்டி நடந்து பக்கத்தில் போனதும், "தம்பி, உங்களுக்குச் சிங்களம் வருமா?" என்றார், மூச்சு வாங்க.

"வருங்க."

"அந்தப் பெரியவர்கிட்டச் சொல்லுங்க. அவர் பாடுற மெட்டு எனக்கு வேணும். ஒரு நாடகத்துக்கு. எடுத்துக்கலாமான்னு கேளுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "காதுல விழுந்ததை எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே ஐயா. இதுக்கா இந்த ஓட்டம்?"

"சீக்கிரம் கேளுங்க தம்பி. பேராதெனிப் பாலம் வந்துட்டா அவர் அந்தப் பக்கம் திரும்பிடுவார்."

கேட்டேன். கிழவர் மாடுகளை நிறுத்தி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். இடது பக்கத்து மாட்டைத்தான் விலைக்குக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, முடியாது என்றார். மாடு வேண்டாம், பாட்டுத்தான் வேண்டும் என்று இரண்டு தரம் சொன்ன பிறகு முகம் மாறியது.

"பாட்டா? அது எங்க அப்பாவோடது. அவர் போய்ச் சேர்ந்துட்டார். வேணும்னா எடுத்துக்கட்டும். மாடு மட்டும் இங்கேயே நிக்கட்டும்" என்றார் சிங்களத்தில்.

வெற்றிலைக் கட்டை வாங்கிக்கொண்டு, அதிலிருந்தே ஓர் இலையை உருவிப் பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்துக் கறுப்புக் கோட்டுக்காரரிடம் கொடுத்தார். இவர் வாயில் போட்டு மென்று துப்பிவிட்டு, கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடிக் காட்டினார். கிழவர் ஓர் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். அங்கே இன்னும் நீட்ட வேண்டுமாம். அந்த இடம் பாடும்போது வண்டி ஏற்றத்தில் இருக்கும், மாடு இழுத்து முடிகிறவரைக்கும் குரலை விடக்கூடாது. இவர் திரும்பவும் பாடினார். கிழவர் தலையை ஆட்டிவிட்டு மாட்டைத் தட்டினார்.

கண்டி வரைக்கும் சேர்ந்து நடந்தோம். எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் இருந்தது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் முதலாளியின் வெங்காயக் கிட்டங்கியை ஒட்டிய அறையில். அதில் இன்னும் ஒரு பாய் விரிக்க இடமிருந்தது. எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்காத நான் அங்கே மூன்று வருஷத்துக்குக் கிட்ட இருந்தேன்.

டவுனில் அவரை மெட்டுக்காரர் என்றார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு நாடகக் கம்பெனியோடு ஆர்மோனியம் வாசிக்க வந்தவர். கண்டியில் ஒரு மாதம் விடாமல் மழை பெய்து, கொட்டகை நிரம்பாமல், கம்பெனி சீன் துணிகளை விற்று ஊருக்குக் கப்பலேறியபோது இவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்து பார்த்தால் ஆர்மோனியத்தை மட்டும் கிட்டங்கியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த கப்பலுக்குப் போகலாம் என்று இருந்தவர்தான். நான் பார்க்கும்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் மெட்டுப் போடாத இடம் கிடையாது. தேயிலைத் தோட்டங்களில் தீபாவளிக்குப் போடுகிற நாடகம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா, முஸ்லிம் கல்யாண வீட்டில் பெண்ணைப் புகழ்ந்து பாடுகிற பாட்டு, சிங்கள நாடகக்காரர்கள் கேட்கிற பாட்டு, கத்தோலிக்கக் கோயிலில் மாதா பாட்டு. எல்லாம் அவர் போட்டதுதான். ஆனால் நோட்டீசில் அவர் பெயர் வராது. 'இந்தியாவிலிருந்து வந்திருக்கும் வித்துவானின் சங்கீதம்' என்று அச்சடிப்பார்கள். பதினைந்து வருஷமும் அப்படித்தான், நேற்றுத்தான் தலைமன்னாரில் இறங்கியவரைப் போல. அப்படிப் போட்டால் கூட்டம் வருமாம். அவரும் சண்டை பிடிக்கவில்லை.

ஊரில் அவருக்கு ஒரு மகள். மனைவி இறந்துவிட்டாள், மகளை மனைவியின் அண்ணன் வளர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார். இவர் கப்பலேறும்போது அவளுக்கு மூன்று வயது. நான் இருந்த காலத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இவர் மனத்துக்குள் வாசித்துவிட்டு, பிறகு எனக்கும் ஒரு பகுதியை வாசித்துக் காட்டினார். 'புகுந்த வீட்டில் உன் அப்பா அங்கே என்னதான் செய்கிறார் என்று கேட்கிறார்கள். கண்டியில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.'

"பாட்டுப் போடுறார்னு எழுதிப் போடுங்களேன்" என்றேன்.

"எழுதினேன். எந்தப் பாட்டுன்னு கேட்டிருக்காங்க. இங்க போட்ட பாட்டு எதுவும் கடலைத் தாண்டலையே தம்பி. எதைக் காட்டுறது?" என்றார். கடிதத்தை மடித்து ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்தார். அதற்குப் பதில் எழுத அவருக்கு இரண்டு மாதம் ஆனது. என்ன எழுதினார் என்று சொல்லவில்லை.

அவரைப் பற்றி டவுனில் சிரிக்கிறவர்கள் சிரித்தது அந்த வெற்றிலைக்காகத்தான். இந்தப் பக்கத்துச் சிங்களவர்கள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். அதை இவர் பிடித்துக்கொண்டார். யாருடைய வாயில் ஒரு மெட்டைக் கேட்டாலும் வெற்றிலையோடு போய் நிற்பார். அவர்கள் கட்டை வாங்கிக்கொண்டு ஓர் இலையை இவருக்கே திருப்பித் தந்தால் சம்மதம். திருப்பித் தருவது ஊர் வழக்கமா அல்லது இவராக வைத்துக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அந்த இலையை அங்கேயே மெல்லுவார். மற்ற நாளில் வெற்றிலை போட மாட்டார். அதனால் அவர் வாய் சிவந்து வந்தால் புது மெட்டு வந்திருக்கிறது என்று கிட்டங்கி ஆட்களுக்குத் தெரிந்துவிடும். "இன்னைக்கு யாரைப் பிடிச்சீங்க?" என்று கேட்பார்கள்.

மூட்டை தூக்குகிறவர்கள் ஒருநாள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். "மழைக்கும் வெத்திலை வச்சுக் கேட்பீங்களா? தவளைகிட்டக் கேட்டீங்களா?"

"தவளை பதில் சொன்னா அதுகிட்டயும் கேட்பேன்" என்றார். அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, என் பக்கம் திரும்பி, "சொந்த ஊர்ல கேட்காம எடுத்திருக்கேன். நிறைய எடுத்திருக்கேன். அங்க அது என் வீட்டுச் சாமான் மாதிரி. இங்க நம்ம வந்து இருக்கிறவங்க. வந்த வீட்டுல கேட்காம ஒண்ணு எடுத்தா அதுக்குப் பேர் வேற" என்றார். இதை வேறு சமயங்களிலும் சொல்லியிருக்கிறார். நான் இந்த நாட்டிலேயே ஒரு தோட்டத்துக் கூலி லயத்து அறையில் பிறந்தவன். என்னையும் சேர்த்து 'நம்ம வந்து இருக்கிறவங்க' என்பார். நான் மறுக்கவில்லை. தோட்டத்துத் துரை முதல் டவுன் ஓவர்சியர் வரை எல்லோரும் எனக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

சில பேர் தர மாட்டார்கள். அரசாங்க ஆபீசான கச்சேரியில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் இருந்தார். வேலை முடிந்து போகும்போது ஒரு பாட்டைச் சீழ்க்கையடித்துக்கொண்டே போவார். மெட்டுக்காரர் வெற்றிலையை நீட்டியதும் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உது என்ர ஐயா எனக்குச் சொல்லித் தந்தது. தரேலாது. குறை நினைக்காதேங்கோ."

"சரிங்க" என்று இவர் திரும்பிவிட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூட நாடகத்துக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆர்மோனியத் துருத்தியை மூடினார். "இது கிளாக்கர் ஐயா வீட்டுப் பக்கம் போகுது" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

கிட்டங்கி முதலாளியின் உம்மா சுவருக்கு அந்தப் பக்கம் பேரப்பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடுவார். அதையும் கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்ச் சொல்ல, திரைக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது.

"எடுங்க மகன். அல்லாஹ்ட பேர் வார வரி ஈக்கிதே, அத மட்டும் கூத்துல போட வாணாம்."

அந்த மெட்டை வைத்துப் போட்ட நாடகத்தில் தாலாட்டுப் பாட்டுக்கு மூன்றாவது வரி கிடையாது. அந்த இடம் வந்ததும் பாடுகிறவள் வாயை மூடிக்கொள்வாள், ஆர்மோனியமும் நிற்கும், ஒரு வரி நேரம் மேடையில் தொட்டில் மட்டும் ஆடும். பார்த்தவர்கள் அந்த இடத்தில் அழுதார்கள். முதலாளியின் உம்மாவிடம் போய் அதைச் சொன்னார்.

இப்படிப்பட்டவருக்கு நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும்.

ஒரு கார்த்திகை மாதம் டவுனுக்கு மேலே ஹந்தானை மலைக்குப் போயிருந்தோம். டவுன் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நடக்கிற, இயேசு பாடுபட்ட கதையான பாஸ்கா நாடகத்துக்குச் சேவகர் வேஷம் கட்ட மலைத்தோட்டத்துப் பையன்களைப் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு லயத்துக் கூரையின் இறவாணத்தில் ஒதுங்கினோம். கடைசி அறைக்குள் ஒரு பெண் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். முதலில் தாலாட்டு என்று நினைத்தேன். கேட்கக் கேட்கத்தான் அது ஒப்பாரி என்று தெரிந்தது. ஆனால் மாரடிக்கிற ஒப்பாரி இல்லை. விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, கூப்பிட்ட பெயர் முடிகிற இடத்தில் குரலைக் கீழே இறக்கி வைத்தாள். பக்கத்து அறை ஆள் மெதுவாகச் சொன்னார்: ஆறு வயது மகன், காய்ச்சலில் போய் மூன்று வாரம்.

மெட்டுக்காரர் கூரை விளிம்பிலிருந்து வழிகிற தண்ணீருக்கு வெளியே, மழையிலேயே நின்றார். மழை விட்டதும் இறங்கினோம். டவுனுக்குக் கிட்ட வந்ததும், "இப்பக் கேட்கக் கூடாது. நாள் போகட்டும்" என்றார்.

நாள் போனது. தவக்காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமையில் தேவமாதா தன் மகனைப் பார்த்துப் புலம்புகிற பாட்டுக்குப் புது மெட்டு வேண்டும் என்று கோயிலில் பூசை வைக்கிற சுவாமி சொல்லியிருந்தார். இவர் ஐந்தாறு மெட்டுப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. அறையில் தனியாக இருக்கும்போது அந்தப் பெண்ணின் மெட்டைத்தான் முனகிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எனக்கும் அது முழுக்க வந்துவிட்டது. பாடகர்களுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் சம்மதம் இன்னும் வரவில்லையே.

மலையேறிக் கேட்கலாம் என்று அவர் கிளம்பிய வாரத்தில் காலில் புண் பழுத்து வீங்கிவிட்டது. பெரிய வாரம் தொடங்குகிற குருத்து ஞாயிற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைக் கட்டை என்னிடம் கொடுத்தார்.

"இரண்டு கையாலும் கொடுங்க தம்பி. அவங்க முடியாதுன்னா முடியாதுதான். ஒரு வார்த்தை கூடப் பேசி வாங்கக் கூடாது. அப்படியே திரும்பிடுங்க."

போனேன். அவள் பீலிக்கரையில் இருந்தாள், மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடத்தில். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது ஒரு சின்னச் சட்டை. ஆறு வயதுப் பிள்ளை போடுகிற சட்டை. போட ஆளில்லாத சட்டையை எதற்குத் துவைக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை. நான் ரயில் கரி அள்ளியிருக்கிறேன், மூட்டையோடு விழுந்து பல் உடைந்திருக்கிறேன், இரண்டு நாள் சாப்பிடாமல் நடந்திருக்கிறேன். எதற்கும் இப்படி ஆனதில்லை. உன் அழுகையைக் கொடு என்று அவளிடம் கேட்க எனக்கு வாயில்லை.

கான் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மழைத்தண்ணீர் ஓட வெட்டிய பள்ளம் அது. வேலை இல்லாத நாள் என்பதால் இரண்டு பேர் அந்த வழியாக வந்தார்கள். கையிலிருந்த கட்டைப் பார்த்து, "என்னண்ணே, கல்யாணத்துக்குச் சொல்ல வந்தீங்களா?" என்றார்கள். ஒருவன் மடியில் பாக்கும் சுண்ணாம்பும் வைத்திருந்தான். எதற்கென்று தெரியாமல் கட்டைப் பிரித்தேன். மூன்று பேருமாக உட்கார்ந்து போட்டோம். எனக்கு வெற்றிலை பழக்கமில்லை, பீடிதான். தலை சுற்றியது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் இறங்கி வந்தேன்.

கேட்க முடியவில்லை என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். கதவைத் தள்ளியதும் அவர் என் வாயைப் பார்த்தார். முகம் விரிந்தது.

"இலை கொடுத்தாங்களா!"

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்மோனியத்தை இழுத்தார். "பெருநாள் முடியட்டும். கால் ஆறினதும் நானே போய்க் கும்பிட்டுட்டு வர்றேன்" என்றார். அதற்குள் ஏதாவது நடக்கும், அல்லது நான் ஊரைவிட்டுப் போய்விடுவேன் என்று எண்ணிக்கொண்டேன். மலைத்தோட்டத்துப் பெண்கள் மேலேயே, தோட்டத்துச் சின்னக் கோயிலிலேயே இருந்துவிடுவார்கள் என்றும் எண்ணிக்கொண்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று தோட்டத்துச் சனம் முழுவதும் டவுனுக்கு இறங்கி வந்திருந்தது. அன்றைக்குக் கோயிலில் எந்த வாத்தியமும் வாசிக்கக் கூடாது. மெட்டுக்காரர் தூண் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினேழு பேர் குரலால் மட்டும் பாடினார்கள். முதல் வரி முடிவதற்குள் கோயில் அடங்கிவிட்டது. குழந்தைகள் கூடச் சத்தம் போடவில்லை. இரண்டாவது வரியில் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள். அழவில்லை. யார் பாடுகிறார்கள் என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி வெளியே போனாள்.

மெட்டுக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். நொண்டிக்கொண்டே பின்னால் போனார். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

வெளியே மரத்தடியில் நின்றவள் கேட்டாள். "யாருங்க எம்மகன் பாட்டை இவங்களுக்குக் குடுத்தது?"

"நான்தாம்மா. நீங்க வெத்திலை வாங்கிக்கிட்டு…"

"எனக்கு யாரும் வெத்திலை கொண்டாரலீங்களே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். அன்று உபவாசம். வாய் வெளுத்துக் கிடந்தது. ஒன்றும் கேட்காமல் அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"கேட்காம எடுத்துட்டேன். இப்ப நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்கம்மா."

அவள் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுத்த வரி ஏறிக்கொண்டிருந்தது.

"நான் அப்படிக் கூப்பிட்டா அவன் எங்கேயோ நின்னு திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்குதுங்க. வேற ஒண்ணும் இல்லை எனக்கு. இத்தனை பேரு கூப்பிட்டா அவன் யாரைன்னு பார்ப்பான்?"

அவர் உள்ளே போனார். பாடகர்களுக்கு முன்னால் போய் நின்று, வரியின் நடுவிலேயே கையை உயர்த்தினார். பதினேழு பேரும் சட்டென்று நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில் கோயில் முழுவதும் முழங்காலில் விழுந்தது. பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அறைக்குச் சுவாமி வந்தார். அவரோடு கொழும்பிலிருந்து ஒருவர். கிராமபோன் தட்டுகளுக்குப் பாட்டுச் சேர்க்கிற ஆள். வெள்ளிக்கிழமை கண்டியில் தங்கியிருந்தவர், கோயிலில் கேட்டாராம்.

"அந்த நடுவுல நிறுத்தினீங்களே, அதுதான் பிரமாதம்! அப்படியே தட்டுல போட்டுடலாம். பதிவு மெட்ராஸ்லதான். உங்க பேரைப் பெரிசா அச்சடிப்போம். திருநெல்வேலி வரைக்கும் விக்கும், பாருங்க" என்றார்.

மெட்டுக்காரர் ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்தார். மகளின் கடிதம் உள்ளேதான் இருந்தது. கிட்டங்கியில் யாரோ வெங்காயம் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

"அந்த மெட்டு என்னுடையது இல்லைங்க. வேற ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்றார்.

"வேற எதுக்குங்க? எனக்கு அதுதான் வேணும்."

"அது இல்லைங்க."

சுவாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கூலிக்காரியோட அழுகைக்குப் பட்டா எழுதியா வச்சிருக்கு? தேவமாதாவுக்குப் போகிற பாட்டு ஐயா இது. அவளுக்கும் புண்ணியம்தானே?"

"தேவமாதா கேட்டா அவங்க கொடுப்பாங்க சுவாமி. என்னைப் போய்க் கேட்கச் சொல்லி மாதா அனுப்பலையே" என்றார். குரலில் கேலி இல்லை. கொழும்புக்காரர் ஒரு விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே சாம்பிராணி போடுகிற நெருப்பில் அது போனது.

அவர் என்னைத் திட்டவில்லை. எப்போதும் போல எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார். நான் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "ஆள் அனுப்பிக் கேட்டது என் தப்பு" என்றார். இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

பிறகு நான் வேறு எங்கும் பார்த்திராத ஒரு வேலையை அவர் செய்தார். ஒரு மெட்டை வாயிலிருந்து எடுக்க முடியாது, அதன் மேல் இன்னொன்றைப் போட்டுத்தான் வெளியே தள்ள வேண்டும் என்றார். எட்டு நாள் உட்கார்ந்து அதே சொற்களுக்கு வேறு மெட்டுப் போட்டார். பழையது முடிகிற இடத்தில் இது தொடங்கும்; பழையது இறங்குகிற இடத்தில் இது ஏறும். பழைய மெட்டு நினைவுக்கு வந்தால் இது குறுக்கே வந்து நிற்கிற மாதிரி கட்டினார். அழகுக்காகக் கட்டவில்லை. பிறகு பதினேழு பேர் வீட்டுக்கும், கட்டுப்போட்ட காலோடு, தனித்தனியாகப் போனார். பழையதை அவர்கள் தங்களை அறியாமல் முனகுகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முனகியதும் புதியதைப் பாடுவார். ஒரு தையல்காரர் வீட்டில் நான்கு மாலை உட்கார்ந்திருந்தார். தையல் மெஷின் ஓடினாலே அந்த ஆளுக்குப் பழைய மெட்டு வருமாம். வீட்டுக்கு வீடு அவரோடு நானும் போனேன். கூப்பிடவில்லை, போனேன்.

ஆனி பிறந்த பிறகு ஒருநாள் என்னிடம் ஒரு வெற்றிலைக் கட்டைக் கொடுத்தார்.

"பதினேழு பேர் வாயில இருந்தும் போயிடுச்சுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வாங்க. என்கிட்ட இருந்தும் போயிடுச்சு. தேடினாலும் வரலை."

"நீங்களே போனா நல்லதுங்க ஐயா."

"இல்லை தம்பி. இது நீங்க போக வேண்டியது."

அவள் வேலை முடிந்து, லயத்து வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"முன்னாடி வெத்திலை கொண்டாந்த ஆளு நீங்கதானா?"

"ஆமாங்க. பீலி வரைக்கும் வந்தேன்."

"அங்கதானே இருந்தேன். ஏன் கேட்கலை?"

"கேட்க முடியலைங்க."

"கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே" என்றாள்.

வெற்றிலைக் கட்டை வாங்கிக்கொண்டாள். இலை எதுவும் திருப்பித் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் டவுனுக்குத் திரும்பவில்லை. பாஸ்காவில் சேவகன் வேஷம் கட்டிய ஒரு பையன் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் 'வாங்கிக்கொண்டார்கள்' என்று எழுதி மெட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். என் பாயும் இரண்டு சட்டையும் அந்த அறையிலேயே தங்கிவிட்டன. போயிருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கதவைத் திறந்ததும் என் வாயைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்காகத்தான் போகவில்லை.

பல வருஷம் கழித்து, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, வழிப்போக்கில் அந்தக் கோயிலின் கடைசியில் போய் நின்றேன். அவர் போட்ட இரண்டாவது மெட்டைத்தான் பாடினார்கள். சுமாரான பாட்டு. யாரும் முழங்காலில் விழவில்லை. போட்டவர் யார் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்த யாரோ ஒரு வித்துவான் என்றார். அவர் எங்கே போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. கிட்டங்கி கைமாறியிருந்தது.

அன்று ஹந்தானை முகட்டைத் தாண்டிக் கலஹாப் பக்கமாக இறங்கினேன். ஒரு தேயிலை ஸ்டோரின் விறகுக் கொட்டிலில் படுக்க இடம் கொடுத்தார்கள். காலையில் மேஸ்திரி வந்து என்ன வேலை தெரியும் என்று கேட்டார்.

"எதுவானாலும் செய்வேங்க."

"தேயிலைப் பெட்டி அடிக்க ஒரு ஆள் குறையுது. நாலு பேர் சேர்ந்து அடிக்கணும். பாட்டு ஒண்ணு இருந்தா அடி ஒண்ணா விழும். பாடிக்கிட்டிருந்தவன்தான் நின்னுட்டான். உனக்குப் பாட்டு ஏதாச்சும் வருமா?"

எனக்கு ஒரே ஒரு மெட்டுத்தான் முழுக்கத் தெரியும். மெட்டுக்காரர் வீடுவீடாகப் போன நாட்களில் என்னிடமிருந்து அதை எடுக்க அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒண்ணும் வராதுங்க" என்றேன்.

சுத்தியலைக் கொடுத்தார்.